கலைப் பள்ளிக்கு வேலி எது?

பண்பாட்டைக் காப்போம் என்று மேடையேறி முழங்குவது எளிது. அப்பண்பாடு குடியிருக்கும் நாலு பரப்புக் காணிக்கு ஓர் உறுதி எழுதி வைப்பது அரிது. எளியதை நாம் அடிக்கடி செய்கிறோம். அரியதை அடுத்த தலைமுறைக்கென ஒத்திவைக்கிறோம். ஒத்திவைத்த காலத்துக்குள் காணி கைமாறிவிடுகிறது. அதன் பின்னரே கூட்டம் கூடுகிறது, தீர்மானம் நிறைவேறுகிறது, மகஜர் போகிறது, இறுதியில் நீதிமன்றக் கதவும் தட்டப்படுகிறது. காலம் கடந்து வந்தவர்க்கு நீதிமன்றம் சொல்லும் மறுமொழி என்ன? அதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. கலைக்கும் கைத்தொழிலுக்கும் உலகப் புகழ் பெற்ற ஒரு பள்ளியின் வழக்கிலே அம்மறுமொழி எழுத்தில் இருக்கிறது. ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் புங்குடுதீவிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் காணியுடைய தமிழர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வழக்கு அது.

சாந்திநிகேதன் வழக்கு

வங்காளத்திலே பீர்பூம் மாவட்டத்து வறண்ட செம்மண் வெளியில், 1863ஆம் ஆண்டில், தேவேந்திரநாத தாகூர் இருபது பிகா நிலத்தை நிரந்தரக் குத்தகையாகப் பெற்றார். 1888இல் அந்நிலத்தை ஒரு தர்மசாதன உறுதியினால் பொதுப் பயனுக்கென ஒப்படைத்தார். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்தே, 1901இல், அவருடைய புதல்வர் இரவீந்திரநாதர் ஒரு சில மாணவருடன் அங்கே பள்ளியைத் தொடங்கினார். இவ்வரிசையை வாசகர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதலில் உறுதி, பின்னரே பள்ளி. நாமோ முதலில் பள்ளியைக் கட்டுவோம்; திறப்பு விழா நடத்துவோம்; உறுதியைப் பற்றி வழக்கு வந்த பிறகு விசாரிப்போம்.

அச்சிறு பள்ளி வளர்ந்தது. 1919இல் கலாபவனம் தோன்றிற்று. நந்தலால் போஸ் அங்கே ஆசிரியராகி ஒரு தலைமுறைக் கலைஞரை உருவாக்கினார். 1921இல் விசுவபாரதி நிறுவப்பட்டது. 1922இல் அருகிலிருந்த ஊரிலே ஸ்ரீநிகேதன் தொடங்கப்பட்டது. உழவுத் தொழிலின் சீர்திருத்தமும், நெசவு, மட்பாண்டம், தோல் வேலை முதலான கைத்தொழில்களும் அங்கே ஒரு கூரையின்கீழ்க் கற்பிக்கப்பட்டன. உழவனும் கலைஞனும் ஒரே கிராமத்து மக்கள். ஒருவனை விட்டு மற்றவன் வாழ முடியாது என்பதே அப்பள்ளியின் அடிப்படைக் கொள்கை. 1951இல் இந்தியப் பாராளுமன்றம் விசுவபாரதிச் சட்டத்தை இயற்றி அதனை மத்திய பல்கலைக்கழகமாக்கியது. 2023இல் சாந்திநிகேதன் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம் பெற்றது.

இத்தகைய இடத்துக்கு என்ன கேடு வந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். கேடு அதன் புகழின் வழியாகவே வந்தது. தாகூரின் பெயரால் அவ்வூர் சிறந்தது. சிறந்த ஊரில் வீடு வைத்திருக்க நகரத்துச் செல்வர் விரும்பினர். அவர் விருப்பத்தால் நிலத்தின் விலை ஏறிற்று. விலை ஏறியதும் வீடமைப்பு நிறுவனங்கள் வந்தன. கோவாய் என்று வங்காளிகள் சொல்லும் செம்மண் மேடுபள்ளங்களை மட்டப்படுத்தி மாளிகை வரிசைகள் எழும்பின. பகைவர் எவரும் அப்பள்ளியைத் தாக்கவில்லை. அதனை நேசித்தவர்களே அதன் மூச்சுக் காற்றை விலைக்கு வாங்கினர். ஒரு கலைப் பள்ளியின் மீது மக்கள் வைத்த அன்பு அதற்கு அரணாகும் என்று நம்புவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். காணிச் சந்தையிலே அன்பு விலையை ஏற்றுமேயன்றி விற்பனையைத் தடுக்காது.

கட்டடங்களுக்கு அனுமதி கொடுத்தது யார்? சாந்திநிகேதனின் சிறப்பைப் பேணி வளர்க்கும் பொறுப்புடைய உள்ளூர் அபிவிருத்தி அதிகார சபையே கொடுத்தது. சுஷாந்த தாகூர் முதலியோர் வழக்கிட்டனர். மேன்முறையீட்டில் இந்திய உச்ச நீதிமன்றம் 2005 மார்ச்சில் தீர்ப்பளித்தது. பாராளுமன்றம் தனிச் சட்டத்தால் ஓரிடத்தின் இயல்பைக் காக்க எண்ணியிருக்கையில், அவ்வெண்ணத்துக்கு மாறாக அபிவிருத்தி அதிகார சபை நடத்தலாகாது. அப்பகுதியின் சூழலும் தாகூரின் இலட்சியமும் பேணப்படல் வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். கொள்கையளவில் பள்ளியே வென்றது. ஆயினும் அதற்குள் எழும்பி நின்ற கட்டடங்களை இடிக்குமாறு நீதிமன்றம் கட்டளையிடவில்லை.

வழக்கறிஞர்களாகிய எங்களுக்கு இது புதுமையன்று. உரிமை இருந்தும் உறங்கியவனுக்கு நீதிமன்றம் முழு நிவாரணம் அளிப்பதில்லை. சுவர் எழும்புமுன் வந்தால் தடையுத்தரவு. எழும்பிய பின் வந்தால் அனுதாபம். சட்டம் பக்கத்தில் நின்றும் நிலம் போயிற்று என்பதே சாந்திநிகேதன் நமக்குக் கற்பிக்கும் முதற் பாடம்.

இரண்டாவது பாடமும் உண்டு. 2020 ஓகஸ்டில் விசுவபாரதி நிருவாகம் அங்குள்ள பௌஷ மேளா மைதானத்தைச் சுற்றி மதில் எழுப்பத் தொடங்கியது. ஆண்டுதோறும் கிராமத்துக் கைவினைஞர் தம் பொருளை விற்க வந்து கூடும் மைதானம் அது. மக்கள் திரண்டனர், கட்டுமானம் தகர்க்கப்பட்டது. வன்செயலை நாம் ஏற்பதற்கில்லை. எனினும் அதன் காரணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கலைப் பள்ளிக்கு வேண்டிய வேலி வணிகனை வெளியே நிறுத்தும் வேலி. ஊரவனை வெளியே நிறுத்தும் மதில் அன்று. முன்னதைச் சட்டத்தால் எழுப்பலாம். பின்னதைக் கல்லால் எழுப்பினாலும் நில்லாது.

சென்னையும் மருதனார்மடமும்

காலத்தே வேலி போட்டவர்களும் உண்டு. ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் சென்னை அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். நடனமும் இசையும் மட்டுமன்றி நெசவுக்கூடமும் அங்கே இருந்தது. தறியில் நெய்த சேலைக்குள்ள மதிப்பும் மேடையில் ஆடிய அடவுக்குள்ள மதிப்பும் ஒன்றே என்று அவர் கருதினார். 1962இல் பள்ளி திருவான்மியூருக்குப் பெயர்ந்தது. அன்று நகரத்துக்குப் புறத்தே கடற்கரை மணலாய்க் கிடந்த, ஏறத்தாழ நூறு ஏக்கர் நிலம் அது. இன்று சென்னை நகரம் அதனைச் சூழ்ந்து கடந்து சென்றுவிட்டது. நிலத்தரகர் நாவில் நீர் ஊறும் இடத்தில் அந்த ஆலமர நிழல் இருக்கிறது. ருக்மிணி தேவி 1986இல் மறைந்தார். நிறுவியவர் மறைந்த பின்னர் நிறுவனத்தின் கதி என்னவாகும் என்ற கேள்விக்கு, 1993ஆம் ஆண்டின் கலாக்ஷேத்திர நிறுவனச் சட்டத்தால் இந்தியப் பாராளுமன்றம் விடை கூறியது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அது பிரகடனம் செய்யப்பட்டது. அதன் உள் நிருவாகத்தில் குறைகள் எழலாம், எழுந்தும் உள்ளன. ஆயினும் நிலம் கலைக்கே நிற்கிறது.

கடல் கடந்து போக வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலேயே சான்று உண்டு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் தாமும் ஒரு வழக்கறிஞரே. மன்றாடியார் நாயகம் பதவி வகித்தவர். 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியையும், 1921இல் திருநெல்வேலியில் பரமேசுவராக் கல்லூரியையும் நிறுவினார். பரமேசுவராக் கல்லூரி இருந்த இடத்திலேதான் 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் பிறந்தது. மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கிய இராமநாதன் இசைக் கல்லூரி, இன்று அப்பல்கலைக்கழகத்தின் கலைப் பீடமாய் வளர்ந்து, இசையும் நடனமும் சித்திரமும் கற்பிக்கிறது. ஆட்சிகள் மாறின, கல்லூரிகளின் பெயர்கள் மாறின, போர் வந்து போயிற்று. கல்விக்கென அவர் ஒதுக்கிய நிலத்தில் நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் கல்வியே விளைகிறது. இராமநாதனின் அரசியலோடு உடன்படாதவர் பலர் உளர். இந்தப் பத்திரிகையின் வாசகரிடையேயும் இருப்பர். அவர் காணி எழுதிய முறையோடு உடன்படாதவர் எவரும் இரார்.

தீவகத்தின் நிலை

இனி நம் தீவுகளுக்கு வருவோம். கைவினையில் நாம் வறியவர் அல்லர். கடகமும் பெட்டியும், சுளகும் நீற்றுப்பெட்டியும், உமலும் பாயும் நம் பெண்களின் விரல்களில் பிறந்தவை. தோட்டத்தில் இறைப்புக்கு உதவிய பட்டையும் பனையோலையே. நெடுந்தீவிலே சுண்ணாம்போ சீமெந்தோ இன்றி, முருகைக் கற்களைத் தெரிந்து அடுக்கி எழுப்பிய வேலிகள் காற்றையும் காலத்தையும் வென்று நிற்கின்றன. எந்தக் கல்லின் மேல் எந்தக் கல் அமரும் என்பதை அறிந்த கைகள் அவற்றைக் கட்டின. ஒல்லாந்தர் ஆட்சியிலே தீவுகளில் தோண்டிய சாயவேர் வருமானப் பொருளாய் விளங்கிற்று. இன்று சாயவேர் என்றால் என்னவென்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

கப்பற்றொழிலை எடுத்துக்கொள்வோம். வடமராட்சியில், வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. அத்தகைய கப்பலைக் கட்டிய அறிவைக் கற்பிக்க எங்கே ஒரு பள்ளி எழுந்தது? எங்கும் எழவில்லை. தந்தை மகனுக்குச் சொன்னான். மகன் பேரனுக்குச் சொல்லுமுன் வேறு தொழிலுக்கும் வேறு நாட்டுக்கும் போனான். அறிவுக்கு இடம் இல்லாதபோது அது மனிதனோடு மறைகிறது. ஓலை பின்னுதலுக்கும் முருகைக்கல் அடுக்குதலுக்கும் வள்ளம் கட்டுதலுக்கும் இக்கதி நேராதிருக்க வேண்டுமானால், அவற்றைக் கற்பிக்கும் இடங்கள் நிலைபெற வேண்டும்.

அந்த இடங்களின் நிலை என்ன? வாசகரைச் சில கேள்விகள் கேட்கிறேன். உங்கள் ஊரிலே பெண்கள் கூடிப் பின்னும் கட்டடம் எவருடைய காணியில் நிற்கிறது? அதன் உறுதி யாரிடம் உண்டு? நில அளவைப் படம் உண்டா? காணிக்காரர் கனடாவில் இருந்தால், அவருக்குப் பின் உரிமை எத்தனை பிள்ளைகளுக்குப் பிரிகிறது? அப்பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த ஊரை ஒரு முறையேனும் கண்டவர்? இக்கேள்விகளுக்கு உடனே விடை சொல்ல இயலாவிடின், உங்கள் ஊர்க் கைவினைக் கூடத்துக்கு வேலி இல்லை என்பது பொருள்.

வேலியின்றி நெடுங்காலம் இருந்தோமே, இப்போது என்ன அவசரம் என்று சிலர் கேட்பர். காலம் மாறிவிட்டது என்பதே மறுமொழி. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளிலும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் ஆக்கும் திட்டத்துக்கு, இந்தியாவின் நன்கொடையுடன், 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மண்டைதீவிலே சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு 2025 செப்டெம்பர் 1இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலில் நிற்கும் கடற்கோட்டை கடற்படையினரின் பொறுப்பில் உல்லாச விடுதியாகிவிட்டது. மின்சாரம் வேண்டும், விளையாட்டும் வேண்டும், பயணிகள் வருவதும் நன்றே. ஆனால் இவை வரும் இடத்தில் காணி விலை ஏறும் என்பதை அறியப் பொருளியல் படித்திருக்க வேண்டியதில்லை. சாந்திநிகேதனில் தாகூரின் புகழ் செய்ததை இங்கே மைதானமும் மின்விளக்கும் செய்யும்.

அரசின் பக்கத்திலிருந்து வரும் அச்சமும் கற்பனையன்று. 2025 மார்ச் 28இல் வெளியான வர்த்தமானி அறிவித்தல், வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோருமாறு கூறியது. கோரப்படாத காணி அரசுக்குரியதாகும். அதிற் பெரும் பங்கு யாழ்ப்பாண மாவட்டத்துக் காணி. தமிழ் மக்கள் எதிர்த்தனர். உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது. அதே ஆண்டில் அரசு அவ்வறிவித்தலைக் கைவிட்டது. கைவிட்டமை நம் ஒற்றுமைக்குக் கிடைத்த வெற்றி. ஆனால் அந்த மூன்று மாதங்களில், உறுதியைத் தேடி அலைந்த குடும்பங்கள் எத்தனை என்பதை நொத்தாரிசுமாரைக் கேட்டால் சொல்வர்.

சட்டம் தரும் கருவிகள்

இந்நாட்டுச் சட்டத்தில் நமக்குக் கருவிகள் உண்டு. அவற்றைக் கையில் எடுக்காதது சட்டத்தின் குற்றமன்று.

முதலாவது, வாய்வாக்கு. எங்கள் பெரியவர் சொன்னவர், இந்தக் காணி பள்ளிக்கூடத்துக்குத்தான் என்று ஊர்கள்தோறும் கேட்கிறோம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்திய எழுத்தின்றிக் காணியுரிமை கைமாறாது. பெரியவரின் சொல் பெருமைக்குரியது. ஆயினும் வழக்கு மன்றத்தில் அது உறுதியாகாது.

இரண்டாவது, அற்றோணித் தத்துவம். வெளிநாட்டிலுள்ள உரிமையாளர் உள்ளூர் உறவினருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்திருப்பார். அவரும் நல்ல மனத்துடன் கைவினைக் கூடத்துக்கு இடம் விட்டிருப்பார். ஆனால் தத்துவம் கொடுத்தவர் இறந்த கணமே அத்தத்துவமும் இறக்கிறது. ரொறன்ரோவில் ஒரு முதியவர் கண்மூடினால் புங்குடுதீவில் ஒரு தறியின் கீழிருக்கும் நிலம் கேள்விக்குள்ளாகிறது.

மூன்றாவது, ஆட்சியுரிமை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிரிடையாகப் பத்தாண்டுகள் தடையின்றி ஆண்டவர் காணிக்கு உரிமை கோரலாம். இடம்பெயர்ந்த மக்களின் துயரைக் கருதி 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து விலக்க இடமளித்தது. அச்சலுகையின் கீழ் வழக்கிடத் தந்த அவகாசமோ இரண்டே ஆண்டுகள். போர் முடிந்து கழியும் ஆண்டுகள் இப்போது காணியில் இல்லாதவருக்கு எதிராகவே எண்ணப்படுகின்றன.

நான்காவது, தேசவழமை. 1707இல் தொகுக்கப்பட்ட நம் வழக்காற்றுச் சட்டம் முன்கொள்வனவு உரிமையைத் தந்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனை ஒழுங்குபடுத்தி, பங்காளிக்கும் உரித்தாளிக்கும் முதலில் வாங்கும் வாய்ப்பை உறுதி செய்தது. பங்குக் காணியில் ஒருவர் தம் பங்கை அயலாருக்கு விற்க முற்பட்டால், மற்றப் பங்காளிகள் விழித்திருந்து அதனை வாங்கித் தர்மத்துக்கு எழுதலாம்.

ஐந்தாவதும் தலையாயதும் தர்மசாதனம். 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம், கல்வியையும் அறிவையும் வளர்ப்பதற்கென ஒப்படைக்கும் சொத்தைத் தர்மமாக ஏற்கிறது. கோயிலுக்குத் தர்மசாதனம் எழுத நம்மவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தீவகத்தில் கோயிற் காணிகளுக்கும் மடத்துக் காணிகளுக்கும் உறுதி எழுதிய பரம்பரை நம்முடையது. அந்த உறுதியைத் தறிக்கும் ஓலைக்கும் உளிக்கும் எழுதுவோம் என்பதே நான் முன்வைக்கும் வேண்டுகோள்.

அவ்வுறுதியில் எழுத வேண்டுவன சிலவே. காணி கைவினைக் கல்விக்கு மட்டும் உரியது. விற்கவோ, ஈடு வைக்கவோ, வணிகத்துக்கு நெடுங்காலக் குத்தகை விடவோ தர்மகர்த்தாக்களுக்கு அதிகாரம் இல்லை. ஒப்படைத்தவர் மீளப் பெறும் உரிமையைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. தர்மகர்த்தாக்களில் பெரும்பான்மையினர் அவ்வூரில் வாழ்பவராயும், அவருள் கைவினை செய்யும் பெண்களும் உள்ளவராயும் இருத்தல் வேண்டும். கணக்கு ஆண்டுதோறும் ஊர்க் கூட்டத்தில் படிக்கப்பட வேண்டும். பள்ளி ஒருகால் நின்றுபோனாலும் காணி அதனையொத்த வேறொரு கல்விப் பணிக்கே செல்ல வேண்டும். இறுதி வாசகம் மிக முக்கியமானது. பள்ளி மூடப்பட்ட மறுநாள்தான் காணித் தரகன் கதவைத் தட்டுகிறான்.

ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு ஆகிய பிரதேச சபைகளுக்கும் பங்குண்டு. கட்டட அனுமதி அவர் கையில் உளது. எந்தக் காணி கைவினைக் கல்விக்குரியது என்ற பதிவேடு சபையில் இருந்தால், விண்ணப்பம் வரும்போதே தடை தெரியவரும். சாந்திநிகேதனில் அதிகார சபை அனுமதி கொடுத்த பின்னர் மக்கள் வழக்காடினர். இங்கே அனுமதி கேட்குமுன்னரே ஊர் விழித்திருக்கும். நம் மக்கள் கையில் முழு அதிகாரமுள்ள ஓர் ஆட்சி இருக்குமாயின், கலாக்ஷேத்திரத்துக்குப் பாராளுமன்றம் செய்ததை நாமே நியதிச் சட்டத்தால் செய்துகொள்வோம். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின்னர் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. சபையுள் இருந்தபோதும் நாம் இத்துறையில் செய்திருக்கக்கூடியவை பல. உரிமைப் போராட்டம் ஒரு பக்கம் நடக்கட்டும். உறுதி எழுதுவதற்கு எந்த அரசின் இசைவும் வேண்டியதில்லை.

மறுப்புரைகள்

மூன்று மறுப்புகள் எழும் என்பதை அறிவேன். இவற்றுக்கு விடை கூறாமல் முடித்தல் முறையன்று.

வேலியே பயிரை மேய்ந்தால் என் செய்வது, தர்மகர்த்தாவே விற்றுவிட்டால் யார் தடுப்பர் என்பது முதலாவது. கோயில் வழக்குகளைக் கண்டு சலித்தவர் கேட்கும் கேள்வி இது, நியாயமானதே. ஆனால் தனியார் காணியில் உரிமையாளர் விற்றால் ஊரவர் வாய் திறக்க முடியாது. தர்மக் காணியில் நம்பிக்கை மீறப்பட்டால், அக்கறையுள்ளோர் மாவட்ட நீதிமன்றத்தை நாடச் சட்டம் வழி வைத்திருக்கிறது. வேலி மேய்ந்தால் கேட்க உரிமை உள்ள ஊர் ஒன்று. கேட்க உரிமையே இல்லாத ஊர் ஒன்று. எது மேல் என்பதை வாசகரே முடிவு செய்க.

இளைஞருக்கு வேலை வேண்டும், விடுதியும் கடையும் வந்தால் வருமானம் வரும், ஓலைப் பெட்டி சோறு போடுமா என்பது இரண்டாவது. விடுதி வருவதை நாம் எதிர்க்கவில்லை. கைவினைக் கூடத்தின் மேல் விடுதி வருவதையே எதிர்க்கிறோம். நெடுந்தீவுக்கு வரும் பயணி, கொழும்பில் கிடைக்கும் கண்ணாடிக் கட்டடத்தைக் காணக் குறிகட்டுவானில் படகேறுவதில்லை. முருகைக்கல் வேலியையும் பனங்கூடலையும் காண வருகிறான். அவற்றை அழித்து அவனுக்கு அறை கட்டினால், நாளை அவன் வேறு தீவுக்குப் போவான். நமக்கு வேலியும் இராது, வேலையும் இராது. விவசாயிகள் இன்னொன்றையும் கருத வேண்டும். ஓலைக்கு வடலி வேண்டும். வடலி பனையாகப் பல்லாண்டு வேண்டும். கைவினை நிலைத்தால் பனைக்கு விலையுண்டு. பனைக்கு விலையிருந்தால் காணியில் மரம் நிற்கும். மரம் நின்றால் மண்ணும் நன்னீரும் நிற்கும். நன்னீர் அருகிய தீவுகளில் இதன் பொருளைத் தோட்டக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கைத்தொழில் இயந்திர உலகில் அழிந்தே தீரும், அழியப்போவதற்கு ஏன் காணி என்பது மூன்றாவது. இக்கேள்வியை நூறாண்டுக்கு முன்னரே எதிர்கொண்ட தமிழர் ஒருவர் நம்மிடையே பிறந்தார். ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்து, கைவினைஞரின் மாண்பை உலகுக்கு உரைத்தவர். இங்கிலாந்தில் காம்டன் என்னும் கிராமத்துக்கு அருகில் அவர் வாழ்ந்தார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை அங்கேயே தம் கைஅச்சுக் கூடத்தில் அச்சிட்டு 1908இல் வெளியிட்டார். அவ்வூருக்கு 1902இல் ஆஷ்பீ என்பவர் இலண்டனிலிருந்து கைவினைஞர் சங்கம் ஒன்றைக் குடும்பங்களோடு கொண்டு வந்திருந்தார். தொழிற்சாலைப் பொருளின் மலிவோடு போட்டியிட முடியாமல் அச்சங்கம் 1908இல் கலைந்தது. ஆனால் அவர்கள் வேலை செய்த பழைய பட்டு ஆலைக் கட்டடம் விடுதியாகவோ பண்டகசாலையாகவோ முடிந்துபோகவில்லை. அச்சங்கத்து வெள்ளிக் கொல்லர் ஒருவரின் வழித்தோன்றல்கள் இன்றும் அதே கட்டடத்தில் வெள்ளி வேலை செய்து வருகின்றனர். நிறுவனம் வீழ்ந்தது, இடம் நின்றது, இடம் நின்றதால் தொழில் பிழைத்தது. வியாபாரத்தின் ஏற்ற இறக்கம் தலைமுறைக்கு ஒருமுறை வரும். அதனைத் தாங்கிக் கடக்கக் கைவினைக்கு ஒரு கூரையும் ஒரு தரையும் போதும். அவை இரண்டையும் இழந்த தொழில் நல்ல காலம் திரும்பினாலும் திரும்பி வராது.

செய்ய வேண்டுவது

ஆசிரியர்களே, வைத்தியர்களே, நில அளவையாளர்களே, நொத்தாரிசுமாரே! உங்கள் தொழிலால் இக்காரியத்துக்கு ஒரு நாளைக் கொடுங்கள். ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பேர் கூடினால் போதும். முதலில் அவ்வூரில் கைவினை கற்பிக்கப்படும் இடங்களைக் கணக்கெடுங்கள். அடுத்து உறுதியையும் படத்தையும் காணிப் பதிவகத்துச் சாற்றையும் எடுங்கள். பின்னர் உரிமையாளர் எந்த நாட்டில் இருந்தாலும் அவருக்கு எழுதுங்கள். பணம் கேட்டு எழுதிய கடிதங்கள் அவர்களுக்கு ஏராளம் போயிருக்கின்றன. காணியைத் தர்மத்துக்கு எழுதக் கேட்டுப் போன கடிதங்கள் சிலவே. முதியவர்கள் உயிரோடும் தெளிவோடும் இருக்கும்போதே கேட்க வேண்டும். உரிமை ஒரு கையில் இருக்கும்போது பெறுவது ஒரு கையெழுத்து. பன்னிரண்டு கைகளுக்குப் பிரிந்த பின்னர் பெறுவது ஒரு பாகப்பிரிவு வழக்கு.

விவசாயப் பெருமக்களே! உங்கள் காணியின் ஓர் ஓரத்தில், இரண்டு பரப்பாயினும், உங்கள் தாயார் பின்னிய கடகத்தின் பெயரால் எழுதி வைக்க எண்ணுங்கள். 1934இல் தாகூர் இலங்கைக்கு வந்தபோது ஹொரணையில் ஸ்ரீபாலிக்கு அடிக்கல் நாட்டினார்; யாழ்ப்பாணத்துக்கும் வந்து சென்றார். தெற்கே வில்மட் பெரேரா என்ற செல்வர் ஸ்ரீபாலிக்கு இடம் கொடுத்தார். 1996இல் அது கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிற்று. அங்கே இன்றும் கலை கற்பிக்கப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் நாமும் தாகூரை வரவேற்றோம். அவர் விட்டுச் சென்ற எண்ணத்துக்கு நம் தீவுகளில் இரண்டு பரப்பு நிலம் இன்னும் கொடுத்தோமில்லை.

காலம் இன்னும் கடந்துவிடவில்லை. மைதானம் எழும்பிக்கொண்டிருக்கிறது, காணித் தரகர் நடமாடத் தொடங்கியிருக்கின்றனர், ஆயினும் நம் கைவினைக் கூடங்கள் நின்ற இடத்தில் இன்னும் மாளிகைகள் எழவில்லை. சாந்திநிகேதனத்தார் நீதிமன்றத்தில் பெற முடியாமற் போன காலம் நம் கையில் இருக்கிறது. நொத்தாரிசின் மேசைக்கு முன்னால் ஓர் உரிமையாளரும் இரண்டு சாட்சிகளும் அமர்ந்து கையெழுத்திட அரை மணி நேரம் செல்லும். அதற்கு மேடையும் வேண்டாம், மாலையும் வேண்டாம்.